“ஏர்போர்ட் நிலைக்குமா? நம்பி நிலத்தைக் கொடுக்கலாமா?”

கேள்வி: “ஓமலூர் பக்கம், சேலம் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்களுக்கு இரண்டே முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒரு கிணறு, ஒரு போர். மரவள்ளியும் கொஞ்சம் மல்லிகையும் வைத்திருக்கிறோம். விமான நிலையத்தை விரிவாக்க நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பல வருடமாகப் பேச்சு. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன், ‘விமானம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. இனிமே நிக்காது. நல்ல விலை வந்தா கொடுத்துடலாம்மா’ என்கிறான். என் வீட்டுக்காரரோ, ‘இதே ஏர்போர்ட்டு எத்தனை வருஷம் பூட்டிக் கிடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இதை நம்பிக் காட்டை விட முடியாது’ என்கிறார். இதற்கு நடுவில் ஒருவர் வந்து, ‘பவர் எழுதிக் கொடுங்க, இப்பவே அட்வான்ஸ் தர்றேன்’ என்று நிற்கிறார். இந்த விமான நிலையம் நிலைக்குமா? நாங்கள் என்ன செய்வது?”

- ஓமலூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: அம்மா, முதலில் ஒரு விஷயம். பவர் பத்திரத்தில் கையெழுத்து போடாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றபடி, உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விமானம் ஓடுவது உண்மை. பூட்டிக் கிடந்ததும் உண்மை. நிலைக்குமா, நிலைக்காதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், வரவு செலவைப் பார்த்தால் எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தூங்கித் தூங்கி எழுந்த கதை

காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் மத்திய அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்குச் சொந்தமானது. 1993-ல் திறந்தார்கள். தொடக்கத்தில் கொஞ்ச காலம் ஒரு தனியார் நிறுவனம் விமானம் விட்டுப் பார்த்தது. பயணிகள் சேரவில்லை, நின்றுவிட்டது. அதன் பிறகு வருடக்கணக்கில் சத்தமே இல்லை. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போய்விட்டது. மறுபடியும் பூட்டு. 2018 மார்ச்சில் மத்திய அரசின் ‘உதான்’ திட்டத்தில் ட்ரூஜெட் விமானம் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்தன. பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று ஊர்களின் பட்டியலும் நீண்டது.

ஆக, இது நான்காவது முயற்சி. ஒவ்வொரு முறையும் திறப்பு விழா நடந்தது. ஒவ்வொரு முறையும் ‘இனி நிற்காது’ என்றுதான் பேசினார்கள். அதற்காக இந்த முறையும் நின்றேவிடும் என்று சொல்லவில்லை. முந்தைய முயற்சிகள் ஏன் நின்றன என்று தெரிந்துகொண்டால்தான் இந்த முயற்சியை எடை போட முடியும்.

மானியம் நிற்கும் நாள்தான் பரீட்சை

உதான் திட்டம் 2016-ல் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையில் பறந்தது. திட்டம் இதுதான்: சின்ன ஊருக்கு விமானம் விட்டால் நஷ்டம் வரும் என்று நிறுவனங்கள் தயங்குகின்றன. அதனால், விமானத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகளை அரசு சொல்லும் கட்டணத்துக்குள் விற்க வேண்டும். 1 மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் வரும் இடைவெளியை அரசு மானியமாகக் கொடுக்கும். பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பணத்தில் 80 சதவிகிதம் மத்திய அரசின் நிதியிலிருந்து வருகிறது. 20 சதவிகிதம் மாநில அரசு தருகிறது. பெரிய ஊர்களுக்கு இடையில் பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கும் ஒரு சிறு கட்டணத்திலிருந்துதான் அந்த மத்திய நிதி சேர்கிறது.

இந்த மானியம் 3 வருடத்துக்கு மட்டும்தான். 3 வருடத்தில் மக்கள் பழகிவிடுவார்கள், அதற்குப் பிறகு தடம் சொந்தக் காலில் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கிடைக்கும். அதற்காகக் கிணற்றில் தண்ணீர் ஊறிவிடாது. பயணிகள்தான் இங்கே ஊற்று.

அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் பலித்தது? 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் (சி.ஏ.ஜி) அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. உதானின் முதல் 3 சுற்றுகளில் 774 தடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் பறக்க ஆரம்பித்தவை 371. மூன்று வருடத்தை முழுதாக முடித்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. நூறு விதை போட்டதில் ஏழு செடி நின்றது என்கிற கணக்கு. நடுவில் கொரோனா வந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். அப்படி எடுத்தாலும் இது தெம்பு தரும் கணக்கு இல்லை.

2023 அக்டோபரில் மானியத்தோடு தொடங்கிய தடம் எதுவானாலும், 3 வருடம் என்றால் 2026 அக்டோபரோடு மானியம் முடிய வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை பேர் முழுக் கட்டணம் கொடுத்து ஏறுகிறார்கள் என்பதுதான் பரீட்சை.

சேலத்துக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. நாமக்கல், தர்மபுரி, ஈரோடு என்று சுற்றிலும் தொழில் நடக்கும் மாவட்டங்கள். உருக்காலை, ஜவ்வரிசி, ஜவுளி, கோழிப்பண்ணை, லாரித் தொழில் எல்லாம் இங்கே இருக்கின்றன. அவசரமாகப் போய்வர வேண்டிய வியாபாரிகள் இருக்கிறார்கள். விமானி பயிற்சிப் பள்ளிக்கு ஆணையம் தேர்ந்தெடுத்த நிலையங்களில் சேலமும் ஒன்று. பயணி விமானம் குறைந்தாலும் ஓடுதளம் சும்மா கிடக்காமல் இருக்க இது உதவும்.

பாதகம் என்னவென்றால், சேலம் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. பெங்களூரு சாலை வழியாக 200 கிலோமீட்டர்தான். கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் பெரிய விமான நிலையங்கள் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் சென்னை-கோவை வந்தே பாரத் ரயில் சேலம் வழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. சென்னைக்கு விமானப் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் என்றாலும், காமலாபுரம் போய், சோதனை முடித்து, மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ரயிலோடு பெரிய வித்தியாசம் இல்லை.

விமானம் வந்தாலும் வருமானம் வராது

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. விமான நிலையம் எப்படிச் சம்பாதிக்கிறது? விமானம் இறங்கக் கட்டணம், நிறுத்திவைக்கக் கட்டணம், பயணியிடம் வாங்கும் கட்டணம், கடை வாடகை, விளம்பரம். ஆனால், உதான் விமானங்களிடம் இறங்கும் கட்டணமும் நிறுத்தும் கட்டணமும் வாங்கக் கூடாது என்பது திட்டத்தின் விதி. போலீஸ் பாதுகாப்பையும் தீயணைப்பு வசதியையும் மாநில அரசு இலவசமாகத் தர வேண்டும். விமான எரிபொருள் மீதான வரியையும் மாநிலம் 1 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும். செலவோ, ஒரு விமானம் வந்தாலும் பத்து விமானம் வந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓடுதளப் பராமரிப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரம், மின்சாரம், சம்பளம்.

அப்படியானால் சின்ன நிலையங்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன? ஆணையம் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. நன்றாகச் சம்பாதிக்கும் பெரிய நிலையங்களின் வருமானத்தில்தான் சின்ன நிலையங்களின் செலவு ஓடுகிறது. இப்போது அந்தக் கூட்டுக் குடும்பம் பாகம் பிரிகிறது. டெல்லியும் மும்பையும் 2006-லேயே தனியார் கைக்குப் போயின. பிறகு ஆமதாபாத், லக்னோ, மங்களூரு, திருவனந்தபுரம் போன்றவை போயின. 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட சொத்துப் பணமாக்கல் பட்டியலில் இருந்த 25 விமான நிலையங்களில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை நான்கும் உண்டு. சம்பாதிக்கும் அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவராகத் தனியே போனால், சம்பாத்தியம் இல்லாத கடைசித் தம்பிக்கு யார் சோறு போடுவது? சேலம் போன்ற அரசு விமான நிலையங்களின் எதிர்காலம் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

நெல் மூட்டை அடுக்கிய விமான நிலையம்

அரசு பணம் போட்டுக் கட்டிவிட்டால் எப்படியும் ஓட்டிவிடும் என்று நினைக்கிறவர்கள் இலங்கையின் மத்தள விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 2013 மார்ச்சில் திறந்தார்கள். செலவு சுமார் 20 கோடி டாலர். பெரும்பகுதி சீனக் கடன். வருடத்துக்கு 10 லட்சம் பயணிகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். ஓடுதளத்தின் நீளம் 3,500 மீட்டர். பெரிய பெரிய விமானங்களே இறங்கலாம். ஆனால், பயணிகள் வரவில்லை. விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகி, 2018-ல் கடைசியாக வந்துகொண்டிருந்த வெளிநாட்டுச் சேவையும் நின்றது. நடுவில், சரக்குக் கட்டடம் சும்மா கிடக்கிறதே என்று அரசு கொள்முதல் செய்த நெல்லைக் கொண்டுபோய் அங்கே அடுக்கினார்கள். விமான நிலையம் நெல் கிடங்கானது.

சேலம் அவ்வளவு பெரிய செலவில் கட்டியதும் இல்லை, அவ்வளவு வெறிச்சோடியதும் இல்லை. ஆனால், ‘பெரிதாகக் கட்டினால் பயணி தானாக வருவார்’ என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மத்தள ஒரு பாடம்.

விரிவாக்கம் என்னும் வாதம்

சேலம் நிலையம் இப்போது ஏறக்குறைய 136 ஏக்கரில் இருக்கிறது. ஓடுதளம் 6,000 அடி. இதில் எழுபது சொச்சம் பேர் உட்காரும் ஏ.டி.ஆர். ரக விமானம்தான் வரும். ஓடுதளத்தை 8,000 அடியாக்கினால் 180 பேர் உட்காரும் ஜெட் விமானம் வரும். இருக்கைக்கு ஆகும் செலவு குறையும். மானியம் இல்லாமலே ஓடும் என்பது விரிவாக்கம் கேட்பவர்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், எழுபது இருக்கையை நிரப்பவே மானியம் தேவைப்பட்ட தடத்தில் 180 இருக்கையை நிரப்புவது யார் என்பதற்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இதற்காகத்தான் காமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டம் வந்தது. விவசாயிகள் 2018 முதல் எதிர்ப்புத் தெரிவித்து வந்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விமான நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிக்கொள்ளும். ஆணையம் கதவைப் பூட்டிவைத்து, இன்னொரு நாள் திறந்துகொள்ளும். நிலம் கொடுத்தவருக்கு மட்டும் திரும்பும் வழி கிடையாது. 2021-ல் தமிழ்நாடு அரசே தன் தொழில் துறைக் கொள்கைக் குறிப்பில், ‘மாநிலம் நிலம் எடுத்து இலவசமாக ஆணையத்துக்குக் கொடுக்கிறது, நாளை அந்த நிலையம் தனியாருக்குப் போனால் நிலத்தின் மதிப்புக்கேற்ப மாநிலத்துக்கும் பங்கு வேண்டும்’ என்ற கருத்தை முன்வைத்தது. நியாயமான பேச்சு. அதே நியாயம் நிலத்தைக் கொடுத்த குடும்பத்துக்கும் உண்டுதானே? உங்கள் கிராமத்தில் இதைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பவர் வேண்டாம்: அரசு நிலம் எடுத்தால் இழப்பீடு, நிலத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், உங்கள் பெயரில் நிலத்தை விற்கவும் பணம் வாங்கவும் இன்னொருவருக்கு வழி திறந்துவிடுகிறீர்கள். இப்போது கிடைக்கும் அட்வான்ஸ், பின்னால் கிடைக்கும் தொகைக்கு முன் ஒன்றுமில்லாமல் போகலாம்.

2. பட்டா யார் பெயரில்? மாமனார் பெயரிலேயே இருந்தால் உடனே வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றம் செய்யுங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு நீதிமன்றத்தில் முடங்குவதற்குப் பெரும்பாலும் குடும்பத் தகராறும் பழைய பட்டாவும்தான் காரணம்.

3. அடங்கலில் ஏற்றுங்கள்: கிணறு, போர், மரங்கள், நிற்கும் பயிர் எல்லாவற்றுக்கும் தனியாக மதிப்புப் போட வேண்டும் என்று 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் எழுதச் செய்யுங்கள். தேதியோடு போட்டோ எடுத்துவையுங்கள்.

4. நோட்டீஸின் தலைப்பைப் படியுங்கள்: எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். 2013 மத்தியச் சட்டம் என்றால், சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. முதல் அறிவிக்கை வந்த 60 நாளுக்குள் ஆட்சேபணை எழுதலாம். தொழில் நோக்கங்களுக்கான 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் என்றால் நடைமுறை வேறு, கெடுவும் வேறு. நோட்டீஸில் போட்ட தேதியைத் தவறவிடாதீர்கள்.

5. விலை எப்படிப் போடுகிறார்கள்? வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டாரத்தில் கடந்த 3 வருடம் பதிவான கிரயங்களின் சராசரி ஆகியவற்றில் எது கூடுதலோ அதை எடுத்து, கிராமப்புறத்துக்கான பெருக்குத்தொகையால் பெருக்கி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும். பக்கத்துக் காட்டைக் குறைந்த விலை போட்டுப் பதிவு செய்திருந்தால் உங்கள் இழப்பீடும் சேர்ந்து குறையும்.

6. தொகை போதவில்லையா? பணத்தை வாங்கும்போதே ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதாமல் வாங்கிவிட்டால், 2013 சட்டத்தின்கீழ் கூடுதல் தொகை கேட்டு முறையிட முடியாது. தீர்ப்பாணை வழங்கும்போது நீங்கள் நேரில் இருந்தால், 6 வாரத்துக்குள் முறையீட்டைக் கொடுக்க வேண்டும்.

7. ‘பயன்படுத்தாவிட்டால் திருப்பித் தருவார்கள்’ என்று நம்பாதீர்கள்: 2013 சட்டத்தின் 101-வது பிரிவில், 5 வருடம் சும்மா கிடந்தால் உரியவரிடமோ அரசின் நில வங்கியிடமோ திரும்பும் என்று இருக்கிறது. அந்த ‘அரசின் நில வங்கி’யைக் கவனியுங்கள். அதோடு, ஓடுதளம் போட்டுவிட்டால், விமானமே வராவிட்டாலும் அது பயன்படுத்திய நிலம் என்றுதான் வாதாடுவார்கள். மாநிலச் சட்டத்தில் எடுத்தால் இந்தப் பிரிவு பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.

8. கணக்கைக் கேளுங்கள்: 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கு எழுதுங்கள். சேலத்தில் மாதம் எத்தனை பயணிகள்? நிலையத்தின் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? எந்தெந்தத் தடத்துக்கு மானியம் எந்தத் தேதியில் முடிகிறது? பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ‘நிலையம் தனியாருக்குப் போனாலோ பூட்டப்பட்டாலோ நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன உத்தரவாதம்?’ என்று தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

உங்கள் மகனிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள் அம்மா. ‘கொடுக்கவே மாட்டேன்’ என்பதோ ‘வந்த விலைக்குக் கொடுத்துடலாம்’ என்பதோ அவசரத்தில் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, ஒரே முடிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: “மேச்சேரி பக்கம் குண்டுமல்லி போட்டிருக்கிறேன். சேலத்திலிருந்து விமானத்தில் பூ அனுப்பினால் நல்ல விலை கிடைக்குமா?”

- மேட்டூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு இடிக்கிறது. சேலம் வரும் ஏ.டி.ஆர். விமானத்தில் பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சும் இடம் குறைவு. ஒரு மினி லாரிச் சுமைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பெங்களூருவுக்குப் பூ இரவோடு இரவாக வேனிலேயே போய்விடும். வெளிநாட்டுக்கு என்றால் சுங்கச் சோதனையும் பயிர் நலச் சான்றும் வேண்டும். சேலம் உள்நாட்டு விமான நிலையம். அதனால்தான் ஓசூர் ரோஜா பெங்களூரு வழியாகப் போகிறது. ‘கிரிஷி உதான்’ என்று 2020-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது உண்மைதான். ஆனால், அதில் முன்னுரிமை வடகிழக்கு மாநிலங்களுக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளுக்கும்தான். ஆகவே, ‘விமான நிலையம் பெரிசானா உங்க பூவும் மாம்பழமும் துபாய்க்குப் போகும்’ என்று யாராவது சொன்னால், ‘எந்த விமானத்தில், கிலோவுக்கு என்ன வாடகை, குளிர்பதன அறை எங்கே?’ என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்போதைக்கு உங்கள் பகுதி விவசாயிகள் சேர்ந்து ஒரே வேனில் பூ அனுப்பி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வதில்தான் லாபம்.